வீட்டிலேயே கார் பாலிஷ்: க்ளியர் கோட்டை வீணாக்காமல் பளபளப்பை மீட்கும் முறை

வெயிலில் நிற்கும் கறுப்பு அல்லது அடர்நீல காரின் பானட்டை உற்றுப் பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலைபோல வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டக் கோடுகள் இல்லை. எல்லாத் திசையிலும் விழுந்த மெல்லிய நேர்க்கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. இவற்றில் பெரும்பாலானவை ரோட்டில் ஓடும்போது விழுந்தவை அல்ல, துடைக்கும்போது விழுந்தவை. விடியற்காலையில் அடுக்குமாடி பார்க்கிங்கில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே பழைய பனியன் துணியோடு பதினைந்து இருபது கார் துடைக்கிறார்களே, அந்தத் துணியில் ஒட்டிய மணல்தான் காரணம். துடைப்பவர்மேல் குற்றமில்லை. தினமும் துடைக்கச் சொல்லிச் சம்பளம் கொடுப்பது நாம்தான். கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும், பாடியில் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுவது, இந்தக் கட்டுரையில் காசு செலவில்லாத முதல் வேலை.

பாலிஷ் போடுவது என்றால் எதையோ பூசிப் பளபளப்பைச் சேர்ப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். தகட்டின்மேல் துரு தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமில்லாத க்ளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான்தான், சில வண்டிகளில் 80, 90கூட இருக்கும். (1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.) இதில் க்ளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள க்ளியர் கோட்டைத் தேய்த்துச் சமமாக்குவதுதான் பாலிஷ். முரட்டு காம்பவுண்டும் (பாலிஷைவிடக் கரகரப்பான தேய்ப்புக் குழம்பு) மெஷினும் சேர்ந்தால் ஒரு சுற்றில் 2, 3 மைக்ரான்வரை போய்விடும். கடைசி மெருகுக்கான ஃபினிஷிங் பாலிஷ் 1 மைக்ரானுக்கும் குறைவாகவே எடுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பது இந்தப் படலத்தில்தான் என்பதால், காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 8, 10 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை “ரப்பிங் பாலிஷ்” போட்ட கார்கள் சில வருடங்களில் கூரையிலும் பானட்டிலும் வெளுத்து, செதில் செதிலாக உரிவது இதனால்தான். அப்படி உரியத் தொடங்கிய இடத்தை எந்தப் பாலிஷும் சரிசெய்யாது. அதற்கு பெயின்டரிடம்தான் போக வேண்டும்.

ஆகவே வேலையின் வரிசை இது: சரியாகக் கழுவு, ஒட்டியதை எடு, தேவையான அளவு மட்டும் தேய், பிறகு மூடிப் பாதுகாத்துவிடு. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே பல கார்களுக்கு மூன்றாவது வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

எப்போது, எங்கே

நிழல் வேண்டும். பானட்டில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும், பாலிஷ் வேலை செய்வதற்கு முன்பே உலர்ந்து தூளாகும். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஆடிக் காற்றில் திறந்த வெளியில் பாலிஷ் போடவே வேண்டாம். பறந்து வரும் ஒரு மணல் துகள் பாலிஷ் தேய்க்கும் பேடுக்கும் பெயின்டுக்கும் நடுவில் சிக்கினால், பழைய கோடுகளைவிட ஆழமான புதுக் கோடு கிடைக்கும்.

ஒரு ஹேட்ச்பேக்குக்குக் கழுவவும் சுத்தம் செய்யவும் இரண்டரை மணி நேரம், மெஷினில் ஒரு சுற்றுப் பாலிஷுக்கு ஐந்தாறு மணி நேரம், கடைசியில் பூசும் பாதுகாப்புப் பூச்சான வேக்ஸ் அல்லது சீலன்டுக்கு ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கை ஓய்ந்தபின் செய்யும் கடைசிக் கதவில்தான் தவறுகள் நடக்கும்.

தண்ணீர்

பொருள் பட்டியலுக்கு முன் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெயின்டைக் கெடுப்பதில் துணிக்கு அடுத்த இடம் போர் தண்ணீருக்கு. சென்னைப் புறநகர், கடலோர ஊர்கள், பாறைப் பகுதிகள் எங்கும் கால்சியமும் மக்னீசியமும் கலந்த உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அது காரின்மேல் துளியாக நின்று காய்ந்தால் வெள்ளை வளையம் விழும். உடனே துடைத்தால் போகும். வெயிலில் பலமுறை காய்ந்தால் க்ளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கும்.

கழுவப் போர் தண்ணீரே போதும், காய விடக் கூடாது என்பதுதான் விதி. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் 5 முதல் 10 லிட்டர் இருந்தால் மிகவும் நல்லது. ஆர்ஓ குடிநீர், பிடித்து வைத்த மழைநீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் சரி. ஏசித் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது என்பதால் உப்பு அநேகமாக இருக்காது. மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். ஆனால் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்து வைத்துக் கார் கழுவுகிறார்களே, அது தவறு. வடிகட்டியில் பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அது போதும், காருக்கு வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்த உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துக் கறைமேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இரண்டு முறை செய்தும் வளையம் தெரிந்தால் அது மேலே ஒட்டிய உப்பு இல்லை, உள்ளே அரித்த குழி. அதற்குப் பாலிஷ்தான். அடித்தள பார்க்கிங்கில் கான்கிரீட் கூரையிலிருந்து சொட்டும் சுண்ணாம்பு நீர் இதைவிடக் கொடியது. காரத்தன்மை மிகுந்தது, ஒரே வாரத்தில் பானட்டில் தழும்பாகிவிடும். அதற்கும் இதே வினிகர் வைத்தியம்தான், ஆனால் முதல் வேலை காரை அந்தச் சொட்டுக்குக் கீழிருந்து நகர்த்துவது.

கழுவுதல்

வேண்டியவை: இரண்டு பக்கெட், மைக்ரோஃபைபர் கையுறை இரண்டு, பிஎச் நடுநிலையான கார் ஷாம்பு, பெரிய உலர்த்தும் துண்டு ஒன்று, 300 முதல் 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன். துணிமணிக்கான சோப்புத் தூள் வேண்டாம், அதன் காரம் அதிகம். பாத்திரம் கழுவும் லிக்விட் பழைய வேக்ஸை எடுத்துவிடும். பாலிஷுக்கு முன் ஒரே ஒருமுறை என்றால் பரவாயில்லை, வாராவாரம் அதில் கழுவினால் ரப்பர் பீடிங் வறண்டுபோகும்.

முதலில் சக்கரங்களை வேறு துணி, வேறு பக்கெட்டில் முடித்துவிடுங்கள். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் கலந்த அழுக்கு பாடிப் பக்கம் வரக் கூடாது. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் அடித்துத் தளர்ந்த மணலை எல்லாம் ஓட விடுங்கள். இந்த அலசலில் சோம்பல் காட்டினால் மீதி வேலை எல்லாம் வீண். ஒரு பக்கெட்டில் 10 லிட்டருக்கு 15, 20 மி.லி. ஷாம்பு (புட்டியில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி), இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் முக்கி ஒரு பேனலை நேர்கோட்டில் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி ஷாம்புக்குப் போங்கள். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்கி வந்து, கதவின் அடிப்பாகத்தையும் பம்பரின் கீழ்ப்பகுதியையும் இரண்டாவது கையுறையால் கடைசியில் முடியுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள்.

உலர்த்தும்போது துண்டை விரித்துப் பானட்டில் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். கண்ணாடி மடிப்பு, கைப்பிடி, பெட்ரோல் மூடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் தேங்கிய நீர் பாலிஷ் போடும்போது வழிந்து வந்து தொல்லை தரும். ப்ளோயர் இருந்தால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவுகளை இரண்டு மூன்று முறை திறந்து அடித்து மூடுங்கள்.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள கோடையில், அலசத் தேவையில்லாத வாஷ் திரவங்கள் உண்மையிலேயே உதவும். இவற்றில் பரவலாகத் தெரிந்த வகை 256 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்று கலப்பது. 10 லிட்டருக்கு ஏறக்குறைய 40 மி.லி. துணிகள் எட்டுப் பத்தை அதில் ஊறப் போட்டு, ஒரு பேனலுக்கு ஒரு துணி என்று எடுத்துத் துடைத்துத் தனியாகப் போட வேண்டும். துடைத்த துணியை அதே பக்கெட்டில் மறுபடி முக்கினால் பழைய கதைதான். சேறு அப்பிய காருக்கு இந்த முறை ஆகாது, தூசி படிந்த காருக்கு மட்டும்.

ஒட்டியதை எடுத்தல்

கழுவிய காரை மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை நுழைத்துத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் நன்றாகத் தெரியும். தண்டவாளத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் அருகே நிற்கும் கார்களில் இது மோசமாக இருக்கும். வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும்.

முதலில் தார்ப் புள்ளிகள். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்துத் துடைத்தால் கரையும், நகத்தால் சுரண்டாதீர்கள். அடுத்து அயர்ன் ரிமூவர். குளிர்ந்த, நிழலில் உள்ள பேனலில் தெளித்தால் இரும்புத் துகள் உள்ள இடமெல்லாம் ஊதாவாக வழியும். அழுகின முட்டை வாடை வரும், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம், காய விடாமல் அலசிவிட வேண்டும். இதற்குப் பின்னும் சொரசொரப்பு மிச்சம் இருந்தால்தான் க்ளே பார், அதாவது அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி.

100 கிராம் க்ளே கட்டியை மூன்றாகப் பிய்த்து ஒன்றை உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக்குங்கள். லிட்டருக்கு 10 மி.லி. ஷாம்பு கலந்த தண்ணீரை 40 சென்டிமீட்டர் சதுரத்தில் தாராளமாகத் தெளித்து, அழுத்தமே இல்லாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் கரகரவென்று இழுக்கும், பிறகு வழுக்கும். வழுக்கினால் அந்தச் சதுரம் முடிந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். நம் வெயிலில் க்ளே இளகிப் பெயின்டிலேயே ஒட்டிக்கொள்ளும், உபயோகத்தில் இல்லாத துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். கட்டி தரையில் விழுந்துவிட்டால் குப்பைக்குத்தான். மண்ணைக் கழுவிவிடலாம் என்ற ஆசை வேண்டாம், அது உள்ளே புதைந்திருக்கும். க்ளே போட்டால் லேசான மங்கல் கோடுகள் விழுவது சகஜம். அதனால் பாலிஷ் போடப் போகும் நாளில் மட்டும் க்ளே, வருடம் ஒருமுறை போதும்.

எது போகும், எது போகாது

காரை உலர்த்தி, எல்இடி டார்ச்சைப் பெயின்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் ஒளிந்துகொள்ளும். ஒரு கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அதைப் பாலிஷில் முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள், ஓரங்களை மழுங்கச் செய்து கண்ணுக்கு உறுத்தாமல் ஆக்கலாம், அவ்வளவுதான். தண்ணீர் தடவியதும் கீறல் மறைந்தால் அது க்ளியர் கோட்டில் மட்டும் உள்ளது. ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர்வரை போயிருக்கிறது, டச்-அப் பெயின்ட் தேவை.

இன்னொரு சோதனையும் செய்துகொள்ளுங்கள். மூலையில் ஓரிடத்தில் கையால் பாலிஷ் தேய்த்து வெள்ளைத் துணியைப் பாருங்கள். காரின் நிறம் துணியில் வந்தால் அந்தப் பேனலில் க்ளியர் கோட் இல்லை. பழைய வண்டிகளின் ஒற்றை நிறப் பெயின்டுகள் அப்படித்தான், அவற்றுக்கு மென்மையான பாலிஷ் மட்டும் போடலாம். மெட்டாலிக் நிறத்தில் அப்படி வந்தால் க்ளியர் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள், அங்கே நிறுத்திவிடுங்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் பெயின்ட் தடிமன் மீட்டரை எங்காவது இரவல் வாங்கி அளந்து பார்ப்பது நல்லது. 200 மைக்ரானுக்கு மேல் காட்டும் பேனல் மறு பெயின்ட் அடித்தது, அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. இந்த மீட்டர் உலோகத்தில்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. தடிமன் அதிகமாக இருப்பதால் அங்கே தாராளமாகத் தேய்க்கலாம் என்று எண்ண வேண்டாம். மீட்டர் காட்டுவது மொத்தத்தை, க்ளியர் எவ்வளவு என்று அது சொல்லாது.

மெஷின்

கையால் போடுவதானால் ஃபினிஷிங் பாலிஷும் ஸ்பாஞ்சு அப்ளிகேட்டரும் எடுத்து 30 சென்டிமீட்டர் சதுரமாக, நேர்கோட்டில் மாற்றி மாற்றித் தேய்க்கலாம். மெல்லிய கோடுகளில் பாதி குறையும், தோள்பட்டை வலிக்கும். முழுக் காருக்குக் கை போதாது.

வீட்டு உபயோகத்துக்கு ட்யூயல் ஆக்‌ஷன் பாலிஷர், சுருக்கமாக டிஏ. சுழல்வதோடு இங்குமங்கும் அலைவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. ரோட்டரி பாலிஷர் வேகமாக வெட்டும், பழக்கமில்லாத கையில் ஹோலோகிராம் எனப்படும் அலை அலையான நிழல்களை விட்டுச் செல்லும், ஓரங்களில் ஐந்தே விநாடியில் நிறம்வரை இறங்கிவிடும். இவை இரண்டையும்விட ஆபத்தானது, வீட்டில் கிடக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் மாட்டுவது. பாலிஷுக்கு நிமிடத்துக்கு 600 முதல் 2,000 சுற்று போதும், கிரைண்டர் ஓடுவது 11,000 சுற்றில். பெயின்ட் கருகுவதோடு, பேட் பிய்ந்து முகத்தில் அடிக்கும்.

டிஏவில் 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு) எல்லா வளைவுக்கும் பொருந்தும். பாலிஷிங் ஃபோம் பேட் நான்கைந்து, அதைவிடக் கடினமான கட்டிங் பேட் இரண்டு வாங்குங்கள். பேடில் மிச்சம் பிடித்தால் வேலை கெடும். ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்கப் பார்த்தால், நடுவில் அது ஈரமும் சூடும் ஏறிச் சப்பையாகி வெட்டுவதை நிறுத்திவிடும், நீங்கள் பாலிஷைக் குறை சொல்வீர்கள். மருந்தில் ஒரு நடுத்தரப் பாலிஷும் ஒரு காம்பவுண்டும் போதும். மெகுயார்ஸ், 3எம், மென்செர்னா, சோனாக்ஸ் என்று எந்தப் பெயரானாலும், கட்டிங் பேடும் பாலிஷிங் பேடும் தரும் வித்தியாசம் பிராண்டு தருவதைவிடப் பெரிது.

தொடங்குமுன் கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ, கதவு ஓரங்கள், பானட்டின் கூர்மையான மடிப்புக் கோடுகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கூர்மையான இடத்தில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் கழற்றிவிடுங்கள். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையேல் அது கதவில் உரசும். மாஸ்க்கும் கண்ணாடியும் அவசியம். தரை ஈரமாக இருந்தால் செருப்பில்லாமல் மெஷினைத் தொடாதீர்கள்.

சோதனைச் சதுரம்

பானட்டில் 50 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் வரைந்து, இருப்பதிலேயே மென்மையான கூட்டணியில் தொடங்குங்கள்: பாலிஷிங் பேட், நடுத்தரப் பாலிஷ். புதுப் பேடில் பாலிஷை முதல்முறை முகம் முழுக்க மெல்லியதாகத் தடவி, பிறகு பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினை ஓட விடாமல் நான்கைந்து இடத்தில் ஒற்றி, எண் 1, 2 வேகத்தில் பரப்புங்கள். பரப்பாமல் முழு வேகம் கொடுத்தால் பாலிஷ் கூரைவரை தெறிக்கும். பிறகு 4 அல்லது 5இல் வைத்து, விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர் என்ற நிதானத்தில் இடவலமாகப் பாதிப் பாதி மேலேறும்படி ஒரு முறை, மேலும் கீழுமாக ஒரு முறை. இது ஒரு நடை. மூன்று நடை சேர்ந்தால் ஒரு சுற்று. பொதுவாக எல்லோரும் செய்யும் பிழை அவசரம்தான், மெஷின் ஓடுகிறதே என்று கையையும் ஓட்டிவிடுகிறார்கள்.

அழுத்தம் எவ்வளவு? பேக்கிங் பிளேட் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்று நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. அப்போது மெஷின் தேய்க்கவில்லை, சூடாக்குகிறது. சுற்று முடிந்ததும் புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை எடுக்கும்படி சுடக் கூடாது. பம்பரில் இரட்டிப்பு கவனம். தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அதே இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும், பெயின்ட் இளகிச் சுருங்கும்.

துடைத்து எடுத்தபின் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, நல்ல தண்ணீர் 5 பங்கு கலந்து தெளித்துச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் கிளிசரினும் பசையும் இருக்கும். கோடுகளில் 70, 80 சதவீதம் போயிருந்தால் அதே கூட்டணியில் முழுக் காரையும் முடித்துவிடலாம். தினம் ஓடும் காருக்கு அது தாராளம். மீதி 20 சதவீதத்தைத் துரத்தினால் போகும் க்ளியர் கோட் திரும்ப வராது, புதுக் கோடுகளோ அடுத்த மாதமே வரும்.

போதவில்லையென்றால் மருந்தை மாற்றாமல் முதலில் கட்டிங் பேடுக்கு மாறுங்கள். அதுவும் போதாவிட்டால் காம்பவுண்டு. காம்பவுண்டு போட்ட இடத்தில் மங்கல் புகை படர்ந்ததுபோல் இருக்கும், அதன்பின் பாலிஷிங் பேடில் ஒரு சுற்று கட்டாயம். ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஒரு சுற்றில் 60 முதல் 80 மி.லி. பாலிஷ் செலவாகும். இதைவிட மிக அதிகமாகத் தீர்ந்தால் நீங்கள் ஊற்றுவது அதிகம்.

நடுவில் வரும் தொல்லைகள்

தூள் பறக்கிறது என்றால் பேனல் சூடு, அல்லது பேடில் பழைய மருந்து காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னும் நைலான் பிரஷ்ஷை ஓடும் பேடில் வைத்துத் துடைத்துவிடுங்கள், இரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்றுங்கள். பாலிஷ் துடைக்க வராமல் இழுபட்டால் சதுரத்தைச் சிறிதாக்குங்கள். சென்னையின் ஈரக்காற்றில் சில பாலிஷ்கள் இழுபடும், வறண்ட ஊர்களில் அவையே தூளாகும். துணியால் துடைக்கும்போதே புதுக் கோடு விழுகிறதென்றால் துணிதான் குற்றவாளி. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், கம்ஃபர்ட் வகைத் திரவங்கள் போடாதீர்கள், ஓரத்தில் தைத்த லேபிளை வெட்டிவிடுங்கள். கீழே விழுந்த துணி அன்றைக்குக் காருக்குத் திரும்பக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டு வெள்ளையாகிவிட்டால், காய்வதற்குள் ஷாம்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

டூத் பேஸ்ட் கீறலைப் போக்குமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதில் தேய்க்கும் தூள் இருப்பதால் ஏதோ கொஞ்சம் நடக்கும், ஆனால் அது பல்லுக்காக அரைத்த தூள், பெயின்டில் மங்கலைத்தான் விட்டுச் செல்லும். டீசல் துணியால் துடைப்பது எண்ணெய் மினுமினுப்பு, அரை நாளில் ஊர்த் தூசியை எல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

மேலே எதைப் பூசுவது

பாலிஷ் முடிந்த பெயின்ட் அம்மணமாக நிற்கிறது. அன்றைக்கே ஏதாவது ஒன்றைப் பூசிவிட வேண்டும். கார்னூபா வேக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுப்பது, அதன் உருகுநிலை ஏறக்குறைய 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். அடர்நிறக் கார்களில் ஆழமான பளபளப்பு தரும், நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். செயற்கை சீலன்ட் மூன்று முதல் ஆறு மாதம். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு என் தேர்வு சீலன்ட்தான். வேக்ஸோ சீலன்டோ, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் பூசி, விரலால் தடவினால் துணுக்காக வரும் வரை விட்டுத் துடைக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் கூடுதல் காவல் கிடைக்காது, துடைக்கும் வேலைதான் கூடும்.

செராமிக் கோட்டிங் வீட்டிலும் போடலாம், ஆனால் அது மன்னிக்காது. 30 மி.லி. புட்டி ஒரு சிறிய காருக்குப் போதும். ஆல்கஹால் துடைப்பு முடித்து, 40 சென்டிமீட்டர் சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் பூசி, வானவில் நிறம் படர்ந்ததும் ஒரு துணியால் சமப்படுத்தி, இன்னொரு துணியால் துடைத்துவிட வேண்டும். இது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகும் பொருள். கடலோர ஊரில் புட்டியில் எழுதிய நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும், ஒருவர் பூச ஒருவர் துடைக்க என்று இருவர் செய்தால் நிம்மதி. துடைக்காமல் விட்ட திட்டு அடுத்த நாள் கறுத்த தழும்பாகத் தெரியும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அதன்மேலேயே ஒரு சொட்டுப் பூசி இளக்கித் துடைக்கலாம், அதன்பின் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. வைரத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுகோல் அது அல்ல. செராமிக் போட்ட காரிலும் துணியால் கோடு விழும், கல் அடித்தால் பெயின்ட் தெறிக்கும். உப்புக்கறையும் விழும், தண்ணீர் உருண்டை உருண்டையாக நின்று காய்வதால் சில சமயம் கூடுதலாகவே விழும். டெஃப்லான் கோட்டிங் என்று விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை: சமையல் தவாவில் அந்தப் பொருளை ஒட்டவைப்பது 300 டிகிரிக்கு மேற்பட்ட சூளையில். காரை அப்படிச் சுட முடியாது. கிடைப்பது ஒரு சாதாரண சீலன்டின் பலன்தான், விலையை அதை வைத்து எடைபோடுங்கள்.

அதன் பிறகு

பத்து நாளுக்கு ஒரு கழுவல், பாதுகாப்புப் பூச்சைத் தண்ணீர் தெளித்துச் சோதிப்பது. துளி உருளாமல் தட்டையாகப் பரவினால் மறுபடி பூசும் நேரம். காக்கை எச்சத்தையும் வாதாம் மரத்தடி வௌவால் எச்சத்தையும் காய்ந்தபின் துடைக்காதீர்கள், உள்ளே மணலும் விதைத் துணுக்கும் இருக்கும். ஈரத் துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் கிள்ளி எடுங்கள். தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே புட்டியும் இரண்டு துணியும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். வெயிலில் இளகும் க்ளியர் கோட் இரவில் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், அதனால் கோடையில் ஒரு நாள் தாமதமே தழும்புக்குப் போதும். தூசி படிந்த காருக்குமேல் கவர் போடுவதும் கூடாது. காற்றில் கவர் ஆடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசி தேய்கிறது.

இடித்து, புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த பேனலுக்கு மட்டும் இந்த முறை எதுவும் உடனே பொருந்தாது. உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். குறைந்தது 30 நாள் வேக்ஸ்கூட வேண்டாம், சீலன்டும் செராமிக்கும் 60 முதல் 90 நாளுக்குப் பிறகு. பெயின்டர் வேறு கணக்குச் சொன்னால், அவர் அடித்த பெயின்டுக்கு அவர் சொல்வதைக் கேளுங்கள். அதுவரை வெறும் தண்ணீரும் பிஎச் நடுநிலை ஷாம்பும் மட்டும்.